முதல் கட்லெட் யாருக்கு?

குருவியின் வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெத்தை. நான்கும் ஒரே துணி, ஒரே பஞ்சு. ஒரே நாளில் அம்மா உட்கார்ந்து தைத்தவை.

அப்பாவுடைய மெத்தையில் நடுவே பெரிய பள்ளம் விழுந்திருந்தது. குருவியுடையது ஒரு பக்கம் மட்டும் அமுங்கிக் கிடந்தது. ஏனென்றால் அவள் எப்போதும் ஒரு காலை மடித்துப் போட்டுத்தான் உட்காருவாள். மூன்று வயதுத் தம்பியின் மெத்தையில் பால், ஜாம், சூப் எல்லாம் கொட்டிக் கொட்டி ஓர் உலக வரைபடமே உருவாகியிருந்தது.

நான்காவது மெத்தை மட்டும் இன்றைக்குத்தான் தைத்து முடித்தது போலப் புசுபுசுவென்று இருந்தது. அது அம்மாவுடையது. இதைக் குருவி ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை.

குருவி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். கண் விழித்ததிலிருந்து கண் மூடும் வரை ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பதால் அப்பா வைத்தது. தம்பிக்குப் பெயர் பந்து. நடப்பதைவிட அவன் உருளுவதுதான் அதிகம். அப்பா வீடு வீடாகப் போய் விளக்கும் மின்விசிறியும் பழுது பார்ப்பவர். அம்மா தெருமுனைத் தையல் கடையில் மதியம் வரை வேலை செய்பவள். அம்மாவுக்கு வயது குறைவு. பள்ளிக்கூட வாசலில் பார்த்தவர்கள், "உங்க அக்காவா?" என்று குருவியிடம் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கெல்லாம் அம்மா நல்ல மனநிலையில் இருப்பாள். ஐஸ்கிரீம் கேட்டால்கூடக் கிடைக்கும்.

பள்ளி விடுமுறை விட்டால் போதும், முதல் ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மாமாவும் சாப்பிட வந்துவிடுவார்கள். அம்மா காய்கறி சூப் வைப்பாள், உருளைக்கிழங்கு கட்லெட் பொரிப்பாள். கட்லெட்டைக் கடிக்கும்போது 'மொறுக்' என்று வரும் சத்தம் பக்கத்து அறை வரைக்கும் கேட்கும். குருவிக்கு விடுமுறை என்றாலே அந்தச் சத்தம்தான்.

இந்த முறை வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமைக்குக் கடையிலேயே சாப்பாடு சொல்லிடலாம். சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள போன் பண்ணிச் சொல்லணுமாம்."

செய்தித்தாளில் மூழ்கியிருந்த அப்பா நிமிர்ந்தார். "ஏன், உனக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. என் சமையல்தான் சரியில்ல."

"யார் சொன்னா?" என்று அப்பாவும் குருவியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"யாரும் சொல்ல மாட்டாங்க. உங்க அக்காவும் மாமாவும் நல்லவங்க, முகத்துக்கு நேரா சொல்வாங்களா? எனக்கு நாக்கு இல்லையா என்ன? நானும்தானே சாப்பிடறேன்."

"கட்லெட்டு சூப்பரா இருக்குமேம்மா!" என்றாள் குருவி.

"ரப்பர் மாதிரி இருக்கும். சூப்பு பசை மாதிரி. இதைத்தான் நான் வருஷக்கணக்கா செஞ்சு போடறேன். நீங்களும் என் மனசு நோகக் கூடாதுன்னு 'ஆஹா ஓஹோ'ன்னு சாப்பிடறீங்க."

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் தன் சமையல் நோட்டை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், பழைய துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். கல்யாணமான புதிதில் அடுப்பு பற்றவைக்கக்கூடத் தெரியாதாம் அம்மாவுக்கு. தீய்த்துத் தீய்த்துக் கற்றுக்கொண்டதை எல்லாம் எழுதி வைத்த நோட்டு அது. எண்ணெய்க் கறை இல்லாத பக்கமே அதில் கிடையாது. அது மேலே போவதைக் குருவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

*

அன்றைக்கு இரவு முழுவதும் குருவியின் மண்டையை ஒரே கேள்வி குடைந்தது. தன் தட்டுக்கு வந்தது மொறுமொறு கட்லெட். அம்மா தட்டுக்குப் போனது ரப்பர் கட்லெட். ஒரே வாணலியில் எப்படி இரண்டு விதம் வரும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். சூப்பும் வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டியும். அம்மா சாப்பிடுவதைக் கண் கொட்டாமல் பார்ப்பது என்று குருவி முடிவு செய்திருந்தாள். ஆனால் அம்மா சாப்பிட்டால்தானே பார்க்க முடியும்?

அம்மா உட்கார்ந்தாள். அப்பா, "கொஞ்சம் தண்ணி" என்றார். அம்மா எழுந்தாள். வந்து உட்கார்ந்தாள். பந்து கரண்டியைக் கீழே போட்டான். அம்மா எழுந்தாள்.

இது என்னடா புதுசாக இருக்கிறதே என்று குருவி நினைத்தாள். புதுசு ஒன்றும் இல்லை, பார்த்ததுதான் புதுசு. அவள் ஓடிப்போய் அம்மாவின் பட்டன் டப்பாவை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவுக்காக அம்மா எழுந்தால் ஒரு நீலப் பட்டன். பந்துவுக்காக எழுந்தால் சிவப்பு. தனக்காக என்றால் மஞ்சள். 'மஞ்சள் தேவைப்படாது, நான்தான் பெரியவளாயிட்டேனே' என்று நினைத்துக்கொண்டே ரொட்டியைக் கடித்தாள்.

"அம்மா, ஜாம் எங்கே?"

அம்மா எழுந்தாள். குருவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரு மஞ்சள் பட்டன் தட்டுக்குப் பக்கத்தில் வந்தது.

பந்து சூப்பை மேசையில் கொட்டி அதில் விரலால் படம் வரைந்தான். அப்பா மிளகுத்தூள் கேட்டார். பந்து இன்னும் கொஞ்சம் கொட்டினான், முதல் படம் அவனுக்குத் திருப்தியாக இல்லை போலிருக்கிறது. எல்லோரும் உட்கார்ந்திருந்த ஒரு நிமிடத்தில் அம்மா தானாகவே எழுந்து சமையலறை வரை போய்விட்டு, "எதுக்கு வந்தேன்?" என்று தன்னையே கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்குக் குருவி ஒரு வெள்ளைப் பட்டன் எடுத்து வைத்தாள்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தபோது மொத்தம் பதின்மூன்று பட்டன்கள். நீலம் மூன்று, சிவப்பு ஐந்து, வெள்ளை ஒன்று. மஞ்சள் நான்கு! அப்பாவைவிட அதிகம். குருவிக்கு முகம் சிவந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் மஞ்சள் பட்டன்களை டப்பாவுக்குள் தள்ளிவிட்டாள்.

அப்போதுதான் அம்மா தன் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா, உன் சூப்புல ஒரு வாய் குடேன்."

"உன் கிண்ணத்துல இருந்ததும் இதேதான்டி."

"பரவால்ல, குடு."

குருவி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். மேலே ஏடு படிந்து, ஆறி, கொழகொழவென்று இருந்தது. ரொட்டியைப் பிய்த்தாள். அட்டையைப் பிய்ப்பது போலிருந்தது.

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. அம்மா பாவம், பொய் சொல்லவில்லை. இத்தனை வருடமாக அம்மா சாப்பிட்டது அம்மாவின் சமையலே இல்லை. ஆறிப்போன சமையல்!

"அம்மா, நீ சமைக்கறதை நீ சூடா சாப்பிட்டதே இல்ல. அதான்!"

அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டே, "ஆமா, சூடா இருந்தா மட்டும் அப்படியே அமிர்தமா மாறிடும் பாரு. போடி, போய்க் கை கழுவு" என்றாள்.

சொன்னால் புரியாது, வாயில் வைத்தால்தான் புரியும் என்று குருவிக்குத் தெரிந்துவிட்டது.

*

சனிக்கிழமை காலை. தையல் கடைக்கு விடுமுறை. அம்மா போனைக் கையில் எடுத்தாள்.

"அம்மா, பன்னெண்டு வரைக்கும் நேரம் இருக்குல்ல? அதுக்கு முன்னாடி எங்களுக்கு மட்டும் கட்லெட் செஞ்சு குடேன். அப்புறம் போன் பண்ணிக்கோ. இனிமே கேக்கவே மாட்டேன்."

"விடிஞ்சதுமே ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் அம்மா. ஆனால் போனைக் கீழே வைத்துவிட்டு உருளைக்கிழங்கை வேகப்போட்டாள்.

அம்மா சமையலறையில் மசித்துக்கொண்டிருந்தபோது குருவி மேசையை ஒரு கோட்டையாக மாற்றினாள். தண்ணீர் கூஜா, நான்கு டம்ளர், உப்பு, மிளகுத்தூள், ஜாம், பந்துவுக்கு மூன்று கரண்டி, கீழே போட்டால் எடுக்க இன்னொன்று, துடைக்க இரண்டு துணி. வேறென்ன கேட்பார்கள் என்று யோசித்து யோசித்துப் பல் குத்தும் குச்சி வரைக்கும் கொண்டுவந்து வைத்தாள். பிறகு அப்பாவைத் தனியாக அழைத்துப் போனாள்.

"அப்பா, இன்னிக்கு அம்மாகிட்ட எதுவுமே கேக்கக் கூடாது. எது வேணும்னாலும் என்கிட்ட கேளுங்க."

"நான் எப்பம்மா கேக்கறேன்? நான்பாட்டுக்குச் சாப்பிட்டுட்டுப் போறேன்."

குருவி மூன்று நீலப் பட்டன்களை எடுத்துக் காட்டிக் கதையைச் சொன்னாள். அப்பா அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"உன்னோடது எத்தனை?"

"அது இப்ப எதுக்கு?" என்று பேச்சை மாற்றினாள் குருவி.

பதினொன்றேகாலுக்குச் சாப்பாடு. கோட்டை நன்றாகத்தான் நின்றது. அப்பா இரண்டு முறை, "கொஞ்..." என்று வாயைத் திறந்து, குருவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். பந்து கரண்டியைப் போட்டபோது குருவி பாய்ந்து இன்னொன்றைக் கொடுத்தாள். அவன் அதையும் போட்டான். இது நல்ல விளையாட்டாக இருக்கிறதே என்று மூன்றாவதையும் போட்டான்.

ஆனால் அம்மா மேசைக்கு வரவே இல்லை! வாணலியில் ஒரு நேரத்தில் நான்கு கட்லெட்தான் பொரிக்க முடியும். அம்மா நான்கு பொரித்தாள், தட்டில் கொண்டுவந்து வைத்தாள், அடுத்த நான்கைப் பொரிக்க ஓடினாள். முதல் நான்கில் இரண்டை அம்மாவின் தட்டில் குருவி எடுத்து வைத்தாள். அவை அங்கேயே உட்கார்ந்து அம்மாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணி நேரம்.

கடைசியில் அம்மா நெற்றி வியர்வையைத் துடைத்தபடி வந்து, தட்டிலிருந்த கட்லெட்டைக் கையில் எடுத்துக் கடித்தாள். மொறுக் என்ற சத்தம் வரவில்லை. எந்தச் சத்தமும் வரவில்லை.

"பாத்தியா?" என்றாள் அம்மா. "நான் சொன்னேன்ல? ரப்பர்."

கடிகாரத்தில் மணி பதினொன்றே முக்கால். அம்மா போனை எடுக்கக் கை நீட்டினாள். குருவிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அத்தனை கூஜா, அத்தனை கரண்டி, அத்தனை துணி, எல்லாம் வீணா?

தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது அவள் கண்ணுக்கு எதிரே இருந்தது அம்மாவின் நாற்காலி. பந்து மெத்தை உலக வரைபடம். அப்பா மெத்தை பள்ளம். அம்மா மெத்தை மட்டும் புசுபுசு.

அம்மா இந்த நாற்காலிக்கு வருவதற்குள் எல்லாம் ஆறிவிடுகிறது. அப்படியானால் நாற்காலிதான் அம்மாவிடம் போக வேண்டும்!

"அம்மா, ஒரு நிமிஷம்! மாவு மிச்சம் இருக்கா?"

"மூணு உருண்டை இருக்கு. எதுக்கு?"

குருவி பதில் சொல்லவில்லை. நாற்காலியைத் தரதரவென்று சமையலறைக்குள் இழுத்துப் போனாள். பாதி வழியில் கனம் தாங்காமல் தடுமாறினாள். அப்பா ஓடிவந்து மறுபக்கம் பிடித்தார். அடுப்புக்கு நாலடி தள்ளி நாற்காலியைப் போட்டார்கள்.

"பொரிம்மா. ஆனா எங்களுக்கு இல்ல. வாணலியில இருந்து நேரா உன் வாய்க்கு. நீ சாப்பிடற வரைக்கும் யாரும் வரக் கூடாது, யாரும் கூப்பிடக் கூடாது."

"இது என்னடி கூத்து?"

"செஞ்சுதான் பாரேன்" என்றார் அப்பா. பந்துவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பந்து, "பந்துக்கு?" என்று கேட்டான். "பந்துக்கு அப்புறம்" என்று மூன்று பேரும் சொன்னார்கள்.

எண்ணெய் சலசலத்தது. அம்மா கட்லெட்டைத் திருப்பிப் போட்டாள். பொன்னிறமானதும் எடுத்துத் தட்டில் வைத்தாள். பழக்க தோஷம், தட்டு தானாகவே பந்துவின் பக்கம் நீண்டது.

"அம்மா!"

தட்டு திரும்பி வந்தது. அம்மா அடுப்பை அணைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்லெட்டை இரண்டு விரலால் பிடித்து, உஸ் உஸ் என்று ஊதி, ஓரத்தைக் கடித்தாள்.

மொறுக்!

அம்மாவின் புருவம் மேலே போனது. அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு இன்னொரு கடி. உள்ளேயிருந்து ஆவி பறந்தது. யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்பது போல அடுத்த துண்டையும் வாய்க்குள் தள்ளினாள்.

"இது... நான் செஞ்சதா?" வாய் நிறைய இருந்ததால் அது, "இதூ நாஞ் செஞ்ஜா?" என்று கேட்டது.

"இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்க வந்து செஞ்சுட்டுப் போனாங்க" என்றார் அப்பா. சிரிக்க முயன்றார், முடியவில்லை. "எல்லாத்தையும் கடைசியா உனக்கு வச்சிட்டோம். நான் பாக்கவே இல்ல" என்று மெதுவாகச் சொன்னார்.

அம்மாவின் கண் கலங்கியது. சூடு அதிகம் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் கையிலிருந்த துண்டு அவ்வளவு சூடாக இல்லை என்று குருவிக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அம்மா பேசும் நிலைமையில் இல்லை. குருவிதான் எடுத்தாள்.

"சாப்பாட்டுக் கடையில இருந்து பேசறேம்மா" என்றார் ஒருவர். "ஞாயித்துக்கிழமைக்குச் சாப்பாடு வேணும்னு விசாரிச்சீங்க. பன்னெண்டு ஆகப் போகுது. அம்மா இல்லையா?"

"இருக்காங்க. ஆனா பேச முடியாது. வாய் நிறைய கட்லெட்டு."

"ஓ! எங்க கடைக் கட்லெட்டா?"

குருவி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா இரண்டாவது கட்லெட்டை எடுத்துக்கொண்டே, வேண்டாம் வேண்டாம் என்று தலையை வேகமாக ஆட்டினாள்.

"இல்ல அங்கிள். எங்கம்மா செஞ்சது. உங்க சாப்பாடு வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

*

ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மாமாவும் வந்தபோது சமையல் நோட்டு மேல்தட்டிலிருந்து இறங்கி அடுப்பு மேடைக்கு வந்திருந்தது. புதிதாக ஓர் எண்ணெய்க் கறையும் விழுந்திருந்தது. மெத்தை நாற்காலி சமையலறையிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு மேசையும் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்பாவும் மாமாவும் தூக்கி வந்து சமையலறை வாசலை அடைத்தாற்போல் போட்டார்கள். இடம் கொஞ்சம் நெருக்கடிதான். மாமாவின் முழங்கை அலமாரியில் இடித்துக்கொண்டே இருந்தது.

"இதென்ன புதுச் சட்டம்?" என்றாள் அத்தை.

"முதல் கட்லெட் பொரிச்சவங்களுக்கு" என்று குருவி விளக்கினாள். "ரெண்டாவது தடவை பொரிக்கறது அப்பா. மூணாவது மாமா."

"எனக்கு அடுப்பே பத்த வைக்கத் தெரியாதே!" என்று மாமா பதறினார்.

"எனக்கும் தெரியாமத்தான் இருந்துது" என்றாள் அம்மா. உட்கார்ந்தபடியே சொன்னாள்.

அப்பா பொரித்த கட்லெட் ஒன்று வாணலியிலேயே உடைந்தது. இன்னொன்று ஒரு பக்கம் கறுத்துவிட்டது. மாமா எண்ணெய்க்குப் பயந்து ஒரு கை தூரத்தில் நின்று கட்லெட்டைப் போட்டார். பந்து கைதட்டினான். அத்தை கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தாள்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா தன் காலித் தட்டை மேசையில் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "எனக்கு இன்னும் ரெண்டு" என்றாள்.

அந்த வீட்டில் அந்தக் குரலில் அந்த வார்த்தைகளை இதுவரை யாரும் கேட்டதில்லை.

பிறகு அப்பா எழுந்தார். மாமா எழுந்தார். அத்தை எழுந்தாள். ஒன்றும் புரியாவிட்டாலும் பந்துவும் எழுந்தான். ஆனால் குருவி எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள். ஆவி பறக்கும் இரண்டு கட்லெட்டை அம்மாவின் தட்டில் வைத்துவிட்டு, பட்டன் டப்பாவிலிருந்து தன் நான்கு மஞ்சள் பட்டன்களில் ஒன்றை எடுத்துப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இன்னும் மூன்று பாக்கி.